இவர் எங்கள் வாடிக்கையாளர் அல்ல

காசு கொடுத்து விளம்பரம் போடுகிறவர்களைக் கண்டால் அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வரும். "நம்ம கடைப் பேரை நாமளே எழுதிக்கிறதுக்கு விளம்பரக்காரனுக்கு எதுக்குக் காசு?" என்பாள். கேட்கிறவர்கள் உடனே தலையாட்டிவிட வேண்டும். ஆட்டாவிட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

அண்ணி என்றால் யாருக்கு அண்ணி என்று கேட்கக் கூடாது. கடையில் உட்கார்ந்து பில் போடும் நாத்தனார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, எதிர் மருந்துக்கடைக்காரரிலிருந்து வாக்கர் வாடகைக்கு எடுக்க வரும் தாத்தாக்கள்வரை எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் "அண்ணி, இந்தச் சக்கரம் கிறீச்சுங்குது" என்று வந்து நின்றால் அவளுக்கே சிரிப்பு வரும்.

கடை சின்னதுதான். நோயாளிகளுக்கு வேண்டிய சாமான்களை வாடகைக்கு விடும் கடை. வாசலில் வீல்சேர்கள் மடித்து வரிசையாக நிற்கும். சுவர் ஓரமாகத் தலைப்பக்கம் உயர்த்துகிற இரும்புக் கட்டில்கள். கண்ணாடி அலமாரியில் விற்பனைக்குச் சில்லறைச் சாமான்கள். பின்பக்கம், தூசு படாமல் துணி போட்டு மூடி, ஆக்சிஜன் மெஷின்கள் நாலு. கரண்டில் ஓடுகிறவை. மூச்சு முட்டுகிறவர்கள் வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார்கள். அண்ணியின் கணவர்தான் அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்வது, சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டிவிட்டு வருவது, பழுது பார்ப்பது எல்லாம். அதிகம் பேசமாட்டார். மெஷின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்.

ஆனால் ஜனங்கள் கடையைத் தேடிக்கொண்டு வருவது அண்ணியால்தான். சும்மா சொல்லக் கூடாது, அந்த விஷயத்தில் அவள் கெட்டிக்காரி. ஊரில் உள்ள கடைகளையெல்லாம் வரிசைப்படுத்திக் காட்டுகிற லிஸ்டிங் தளங்கள் இணையத்தில் எத்தனையோ இருக்கின்றன. அதில் பதினொன்றில் அவள் கடையைச் சேர்த்திருந்தாள். பதினொன்றிலும் ஓசியில். ஒரு நீள நோட்டில் தளத்துக்கு ஒரு பக்கம். பாஸ்வேர்டு, கடைசியாகத் திருத்திய தேதி, எந்தப் படம் போட்டது, யார் யார் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள், எல்லாம் அதில் இருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் பதினொன்றையும் ஒரு சுற்று சுற்றி வருவாள். ஒன்றில் புதுப் படம் போடுவாள், இன்னொன்றில் ஒரு வரியை மாற்றுவாள். அடிக்கடி கை வைத்தால்தான் கடை பட்டியலில் மேலே நிற்கும் என்பது அவள் கண்டுபிடித்தது. வீல்சேரைத் துடைத்து வெயிலில் நிறுத்திப் படம் எடுப்பதற்குள் நாத்தனாரின் உயிரை வாங்கிவிடுவாள்.

காசு கட்டிய பெரிய கடைகள் இரண்டுக்கு அடுத்து, மூன்றாவதாக இவர்கள் கடை. "மகாராணி, இன்னிக்கு என்ன ஓசி?" என்று கணவர் கேட்பார். அவர் பேசுகிற நாலு பேச்சில் அது ஒன்று. அவளுக்கும் அது பிடிக்கும்.

ஓசியில் லிஸ்டிங் போட்டால் சும்மா விடுவார்களா? விளம்பரப் பேக்கேஜ் விற்கிறவர்கள் போன் செய்து துளைத்தெடுப்பார்கள். சாப்பிடும்போது, குளித்துவிட்டு வரும்போது, பல் தேய்க்கும்போது. அதிலும் ஒரு பெண் இருந்தாள். எத்தனை வாங்கிக் கட்டிக்கொண்டாலும் அடுத்த வாரம் "குட் மார்னிங் மேடம்" என்று தேனாகப் பேசுவாள். வீட்டில் எல்லாரும் அவளைப் பேக்கேஜ்காரி என்பார்கள். தொல்லை தாங்காமல் அண்ணி ஒரு காரியம் செய்தாள். பட்டன் போன் ஒன்றும் தனி சிம் ஒன்றும் வாங்கி, பதினொரு தளத்திலும் அந்த நம்பரைப் போட்டுவிட்டாள். அந்தப் போன் கடை மேஜை டிராயரிலேயே கிடக்கும். கடை திறந்திருக்கும்போது அடித்தால் எடுப்பது, எட்டு மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டால் அதுபாட்டுக்கு உள்ளே கிடப்பது. வீட்டில் அமைதி வந்தது.

இது நடந்து ஒரு வருஷம் கழித்து அடுத்த காரியம். எட்டு மணிக்கு மேல் தேடிப் பார்த்தால் தங்கள் கடையே பட்டியலில் இல்லை என்பதை அண்ணி ஒருநாள் கவனித்தாள். "இப்போது திறந்திருப்பவை" என்று ஒரு கட்டம். அதை அழுத்தினால் மூடிய கடைகள் காணாமல் போய்விடும். ஆனால் ஏழு மணிக்கே பூட்டிக்கொண்டு போகிற அடுத்த தெருக் கடை அங்கே ஜம்மென்று நிற்கிறது. பக்கத்தில் பச்சை எழுத்தில்: 24 மணி நேரமும்.

"அடப்பாவி! ஏழு மணிக்கு மேல அந்தக் கடையில பூனைகூட இருக்காது" என்று கத்தினாள் அண்ணி. கத்திவிட்டு, பதினொரு தளத்திலும் அவளும் அதையே போட்டாள்.

"அண்ணி, நாம எட்டு மணிக்கே ஷட்டரை இழுத்துடுறோமே" என்றாள் நாத்தனார்.

"இழுத்தா என்ன? அவசரம்னு யாராவது கூப்பிட்டா உங்கண்ணன் போகாமலா இருப்பார்?"

அவர் போவார். அதில் சந்தேகமில்லை. மழையில்கூடப் போயிருக்கிறார். அதனால் ஏமாற்றுகிறோம் என்ற எண்ணமே அண்ணிக்கு வரவில்லை. கூப்பிடுகிறவர் எந்தப் போனுக்குக் கூப்பிடுவார், அந்தப் போன் அப்போது எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி. போனை டிராயரில் வைத்ததும் அவள்தான், இருபத்துநாலு மணி நேரம் என்று போட்டதும் அவள்தான். இரண்டையும் சேர்த்து ஒருதரம்கூட யோசிக்கவில்லை. ஆறு மாதம் யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து டிராயரை இழுத்தால், பட்டன் போனில் எட்டு அழைப்புகள். எட்டும் ஒரே நம்பர். நாலரை மணியிலிருந்து நாலே முக்காலுக்குள்.

"பாரு இந்தக் கூத்தை. பேக்கேஜ் ஆளுங்க இப்ப கோழி கூவுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க" என்று சொல்லி அண்ணி அந்த நம்பரை ப்ளாக் செய்தாள். செய்துவிட்டு வீல்சேர்களைத் துடைக்கப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு முதல் தளத்தைத் திறந்தாள். அங்கே ஒரு நட்சத்திரம் காத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நட்சத்திரம். யாரோ போட்டிக் கடைக்காரனின் வேலை என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராகத்தான் படிக்க ஆரம்பித்தாள்.

"24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று போட்டிருந்ததை நம்பி வெள்ளிக்கிழமை காலை நாலரை மணிக்கு வந்தேன். வீட்டில் வைத்திருந்த ஆக்சிஜன் மெஷின் நின்றுவிட்டது. அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கடை பூட்டியிருந்தது. எட்டு முறை போன் செய்தேன். உள்ளே மணி அடிப்பது ஷட்டருக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. தயவுசெய்து யாரும் நம்பி வராதீர்கள்."

இன்னொரு தரம் படித்தாள். போட்டிக்காரன் எழுதியது இல்லை. உள்ளே மணி அடித்ததைப் போட்டிக்காரனுக்கு எப்படித் தெரியும்?

"என்ன அண்ணி, முகம் இப்படி ஆயிடுச்சு?" என்று நாத்தனார் எட்டிப் பார்த்துப் படித்தாள். படித்து முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா என்ன ஆனாங்கன்னு எழுதலையே?"

சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு வந்த கணவரிடம் அந்தக் கருத்தைத் தன் போனில் காட்டினாள். அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்தபடியே படித்தார். கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, பதிலுக்குப் பதில் பேசலாம் என்று அவள் வாயைத் தயாராக வைத்திருந்தாள். அவர் பின்பக்கம் பார்த்தார்.

"நாலு மெஷினும் சும்மாத்தானே நின்னுச்சு" என்றார். சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "வீட்ல அடிச்சிருந்தா பத்து நிமிஷத்துல வந்திருப்பேன்" என்றார்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சா செஞ்சேன்?"

"அந்த நம்பருக்குப் போன் பண்ணி எப்படி இருக்காங்கன்னு கேளு."

கேட்கத்தான் நினைத்தாள். பட்டன் போனை எடுத்து, ப்ளாக் செய்த நம்பர்களைத் திறந்து, அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பக்கம் நல்ல செய்தி இருந்தால் சரி. இல்லாவிட்டால் என்ன பேசுவது? மூடி வைத்துவிட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று அது தள்ளிக்கொண்டே போயிற்று.

இந்த நேரம் பார்த்துப் பேக்கேஜ்காரி கூப்பிட்டாள்.

"மேடம், உங்க ரேட்டிங் இறங்கியிருக்கே, பாத்தீங்களா? பேக்கேஜ் எடுத்துக்கிட்டீங்கன்னா அந்தக் கருத்து யார் கண்ணுக்கும் படாம கீழ தள்ளிடலாம் மேடம்."

"காசு கொடுத்தா உண்மையையே கீழ தள்ளுவீங்களா? உங்களுக்கெல்லாம் அம்மா இல்லையா?" என்று அண்ணி கத்திய கத்தலில் மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

நன்றாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அவள் என்ன செய்தாள் தெரியுமா? அதையே காசில்லாமல் செய்ய வழி இருக்கிறதா என்று தேட உட்கார்ந்தாள். இருந்தது. கருத்துக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி, அதை அழுத்தினால் "புகார் செய்க", அதற்குள் காரணங்களின் பட்டியல். ஆபாசமான பேச்சு. போட்டி நிறுவனத்தின் வேலை. மூன்றாவதாக: இவர் எங்கள் வாடிக்கையாளர் அல்ல.

அண்ணி அந்த மூன்றாவது வரியில் கண்ணை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். பொய் சொல்ல அவளுக்குப் பிடிக்காது. இது பொய்யா? ரிஜிஸ்டரில் அந்த ஆளின் பெயர் இல்லை. பில் இல்லை, முன்பணம் இல்லை. கடைக்குள் காலே வைக்கவில்லை. அப்படியென்றால் அவர் வாடிக்கையாளர் இல்லைதானே? கோர்ட்டில் கேட்டாலும் இல்லை என்றுதானே சொல்லுவார்கள்? இப்படித் தனக்குத் தானே வக்கீல் வைத்து வாதாடி, தனக்கே தீர்ப்பும் எழுதிக்கொண்டு, அழுத்திவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பார்த்தபோது கருத்து இல்லை. கடை மறுபடியும் மூன்றாவது இடத்தில் நின்றது.

"எடுத்துட்டாங்க" என்றாள்.

நாத்தனார் பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சந்தோஷமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். எப்போதும் வம்புக்கு இழுக்கிறவள், இந்தத் தடவை வம்புக்குக் கேட்கவில்லை. அது அண்ணிக்குச் சுருக்கென்றது.

பிராயச்சித்தம் மாதிரி ஒன்று அவள் செய்தாள். அன்றிலிருந்து பட்டன் போனை டிராயரில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இனிமேல் எத்தனை மணிக்கு அடித்தாலும் எடுக்கலாம். எடுத்தால் கணவர் போவார். ஆக, இருபத்துநாலு மணி நேரம் என்பது இப்போது உண்மைதானே? அதனால் அதை மாற்றவேண்டிய அவசியமும் அவளுக்குத் தெரியவில்லை. ராத்திரியில் போன் பெரும்பாலும் அடிக்காது. ஆனாலும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. அந்தம்மா பிழைத்திருப்பார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள், இந்நேரம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மகனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். சாப்பாடு இறங்காது. வாடகைக்கு மெஷின் எடுக்க வருகிற ஒவ்வொரு மகனையும், இவராக இருக்குமோ என்று பார்ப்பாள்.

அவர் வந்தது மூன்று வாரம் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு. கணவர் கட்டில் ஒன்றை இறக்கப் போயிருந்தார். சட்டைப் பையில் டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் செருகிய நாற்பது வயது ஆள். வந்தவர் உடனே உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஷட்டர் ஓடுகிற இரும்புச் சட்டத்தையும் கீழே பூட்டு மாட்டுகிற வளையத்தையும் பார்த்தார். அப்போதே அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

"நாலரை மணிக்கு வந்தது நான்தான்" என்றார் உள்ளே வந்து. குரலை உயர்த்தவில்லை.

அண்ணி அவசரமாக எழுந்தாள். "உட்காருங்க, உட்காருங்க" என்றாள். உட்கார அங்கே வீல்சேரைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"கைத்தடிக்கு அடியில மாட்டுற ரப்பர் இருக்கா?"

அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரப்பர்! கைத்தடிக்கு ரப்பர் கேட்கிறார் என்றால் தடியை ஊன்றி யாரோ நடக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் உருண்டு போய்விட்டது. கண்ணே கலங்கிவிட்டது அவளுக்கு.

"இருக்கு, இருக்கு! இல்லாம என்ன? அம்மாவுக்குத்தானே? எழுந்து நடக்கிறாங்களா? நான் நினைக்காத நாள் இல்லீங்க. சத்தியமா சொல்றேன்." பேசிக்கொண்டே மூன்று டப்பாக்களை எடுத்துக் கண்ணாடி மேல் கொட்டினாள். "பதினாறு, பத்தொன்பது, இருபத்திரண்டு, மூணு சைஸ் இருக்கு. தடி எந்தத் தடி? மரமா, அலுமினியமா?"

"எந்த சைஸா இருந்தாலும் சரி."

"அப்படி எப்படிங்க? சைஸ் சேரலைன்னா வழுக்கும். வயசானவங்க, கீழ விழுந்துட்டா..."

"விழ மாட்டாங்க" என்றார் அவர். "அம்மா போய் இருபது நாள் ஆச்சு."

நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தாள். அண்ணியின் கையில் ஒரு ரப்பர் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டுத்தான் வந்தேன். வர நாப்பது நிமிஷம் ஆகும்னாங்க. உங்க கடை எங்க வீட்லேர்ந்து ஆறு நிமிஷம். முதல்ல அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கயும் இருபத்துநாலு மணி நேரம்னு போட்டிருந்துச்சு, பூட்டியிருந்துச்சு. அப்புறம் இங்க. உள்ள மணி அடிக்குது, யாரோ தூங்குறாங்க, எழுந்து வந்துடுவாங்கன்னு நினைச்சுக்கிட்டு நின்னேன். அதுதான் தப்பு. மணி அடிக்காம இருந்திருந்தா நான் நின்னிருக்க மாட்டேன்." அவர் அண்ணியைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். "ஆஸ்பத்திரியில ஆறு நாள் இருந்தாங்க. மூச்சு இல்லாம இருந்த அந்த நேரத்தாலதானான்னு டாக்டரைக் கேட்டேன். அவர் நேரா பதில் சொல்லலை. அதனால உங்களாலன்னு நான் சொல்ல வரலை. இல்லைன்னும் என்னால சொல்ல முடியலை."

"ஐயோ" என்றாள் அண்ணி.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்துதான் அதை எழுதினேன். இன்னொருத்தர் வந்து நிக்கக் கூடாதுன்னு எழுதினேன். அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தா ஒரு மெயில். நான் உங்க வாடிக்கையாளர் இல்லைன்னு நீங்க சொன்னீங்களாம். அதனால எடுத்துட்டாங்களாம்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது என்பது போல அவசரமாகச் சொன்னாள்: "இப்ப அந்தப் போனை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேங்க. பக்கத்துலயே வெச்சுக்கிட்டுப் படுக்கிறேன். எப்ப அடிச்சாலும் எடுப்பேன்."

"எடுக்கலையே. இன்னும் இருபத்துநாலு மணி நேரம்னே போட்டிருக்கீங்களேன்னு நேத்து விடியக்காலைல கூப்பிட்டுப் பார்த்தேன். நாலு தடவை."

"அடிக்கவே இல்லீங்களே..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். நாத்தனார் அவளைப் பார்த்தாள். சொல்லாமல் இருக்க வழியில்லை. "உங்க நம்பரை நான்... ப்ளாக் பண்ணியிருந்தேன். அன்னிக்கே. விளம்பரக்காரங்கன்னு நினைச்சு. அப்புறம் எடுத்துவிடணும்னு நினைச்சேன்... பயமா இருந்துச்சு."

அவர் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பு இல்லை.

"நான் லிஃப்ட் மெக்கானிக். எங்க கம்பெனி போர்டுலயும் இருபத்துநாலு மணி நேரம்னுதான் இருக்கும். உள்ள மாட்டிக்கிட்டவங்க கூப்பிட்டா, எத்தனை மணியா இருந்தாலும் யாராவது ஒருத்தர் ஓடுறோம். அந்த எழுத்துக்கு அதுதான் அர்த்தம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்." பையிலிருந்து காசை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். "இந்த ரப்பர் ஒண்ணு கொடுங்க. பில் போடுங்க. தேதி போட்டு, என் பேர் போட்டு, கடை முத்திரை வெச்சு."

நாத்தனார் பெயரைக் கேட்டு எழுதினாள். மூன்று வார்த்தை எழுதுவதற்குள் இரண்டு தரம் அடித்துத் திருத்தினாள். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் அடித்தல் இல்லாமல் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள்.

அவர் பில்லை முழுக்கப் படித்துப் பார்த்தார். "இப்ப நான் உங்க கஸ்டமர்தானே?"

அண்ணி தலையாட்டினாள்.

"வாயால சொல்லுங்க."

"ஆமாங்க."

"மறுபடியும் எழுதுவேன்."

"எழுதுங்க. நான் கை வைக்க மாட்டேன்."

"வெச்சா இன்னொரு ரப்பர் வாங்க வருவேன்." மிரட்டலாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். "கடையை எத்தனை மணிக்கு மூடுவீங்க?"

"எட்டு."

"அதை இதுக்குப் பின்னாடி எழுதிக் கொடுங்க. உங்க கையால."

அண்ணி பில்லைத் திருப்பினாள். காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணி வரை என்று எழுதினாள். அவ்வளவுதான் அவர் கேட்டது. பேனாவை எடுக்காமல் அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினாள்: அதற்குப் பிறகு இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதமாகப் பதினொரு இடத்தில் எழுதி வைத்திருந்ததற்கு நேர் எதிராக ஒரு தாளில் எழுத இவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

அவர் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில், டெஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"சார், ரப்பர்!" என்று நாத்தனார் வாசல்வரை ஓடினாள். அவர் திரும்பவில்லை. தெருமுனை வரைக்கும் போய், வளைந்து, மறைந்துவிட்டார்.

அண்ணி உட்கார்ந்து முதல் தளத்தைத் திறந்தாள். நேரத்தை மாற்றினாள். அடுத்தது. அதற்கு அடுத்தது. செவ்வாய்க்கிழமை இல்லை, நோட்டையும் எடுக்கவில்லை. பாஸ்வேர்டுகளெல்லாம் விரலுக்கே தெரிந்திருந்தன. ஏழாவதை மாற்றிக்கொண்டிருக்கும்போது போனில் சத்தம் வந்தது. புதிய கருத்து. ஒரு நட்சத்திரம். பில்லின் இரண்டு பக்கமும் படமாக இருந்தன. முன்பு எழுதியதையே வரிக்கு வரி எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி மட்டும் புதிது: "அம்மா இப்போது இல்லை."

நாத்தனார் வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள். அண்ணியின் முதுகில் கை வைத்தாள். அண்ணி எட்டாவது தளத்தைத் திறந்தாள்.

ஐந்தரை மணிக்குக் கணவர் வந்தார். கை கழுவிவிட்டு, துடைத்துக்கொண்டே கண்ணாடி அலமாரி பக்கம் வந்தவர், மேலே தனியாகக் கிடந்த அந்தக் கறுப்பு ரப்பரைப் பார்த்தார். மற்றதெல்லாம் டப்பாவுக்குள் போயிருந்தன.

"இது ஏன் வெளியில கிடக்கு?" என்று எடுத்து டப்பாவில் போடப் போனார்.

"அதுல போடாதீங்க."

"ஏன், யாரோடது?"

"நம்ம கஸ்டமரோடது" என்றாள் அண்ணி. மூன்று வாரமாக வராத அழுகை அப்போது வந்தது. வாசலில் வாக்கர் எடுக்க வந்த ஆள் நிற்பதைக்கூடப் பார்க்காமல், வாய்விட்டு அழுதாள்.